வாளையார் முதல் குமுளி வரை: தனித்தொழில் புரியும் கணினிப் பாதுகாப்பு ஆலோசகர்கள்

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் அன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, அவை திரும்ப வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைச் செலுத்துமாறு திரையில் அறிவிப்பது அதன் வேலை. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. வார விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்தபோது கேரளத்திலும் அதன் தடம் தெரிந்தது. வயநாட்டில் ஊராட்சி அலுவலகக் கணினிகள் முடங்கின. அதற்கடுத்து, தென்னக இரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்திலும் சில கணினிகள் அதே அறிவிப்பைக் காட்டின. இரயில்கள் ஓடுவதற்குத் தடையேதும் ஏற்படவில்லை. பாதிக்கப்பட்டவை அலுவலகப் பணிக்கான கணினிகளே.

அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தும் பல அலுவலகங்களில் அத்திருத்தம் நிறுவப்படவில்லை. கணினியை வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறொருவர், பாதுகாப்பைக் கவனிப்பவர் எவருமில்லை என்ற நிலைதான் அதற்குக் காரணம். பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனித் துறையே வைத்துக்கொள்ள முடியும். ஊராட்சி அலுவலகத்துக்கும், இருபது பேர் வேலை செய்யும் ஆலைக்கும், ஏலக்காய் வணிகருக்கும் அது இயலாது. அவர்களுக்கு வேண்டியது, அழைத்தால் வந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஓர் ஆலோசகர்.

அத்தாக்குதல் தணிந்த கதை இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பெற்றோர் வீட்டில் இருந்தபடி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குப் பணியாற்றிவந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், அத்தீநிரல் பதிவு செய்யப்படாத ஓர் இணைய முகவரியைத் தேடிச் செல்வதைக் கண்டார். பத்து டாலரைச் சற்றே தாண்டிய செலவில் அம்முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தார், பரவல் நின்றது. செய்தித்தாள்கள் அவரை ஒற்றை வீரராகச் சித்திரித்தன. ஆனால் ஆய்வு செய்வதற்கான மாதிரி அவருக்குக் கிடைத்ததே, ‘காஃபீன்’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட சக ஆய்வாளர் ஒருவரிடமிருந்துதான் என்பதை அவரே பின்னர் எழுதினார். வீட்டில் தனியாக அமர்ந்திருந்தவருக்கு, கேட்டவுடன் அனுப்பிவைக்கும் நண்பர் ஒருவர் இருந்தார். இத்தொழிலில் தொடர்பு என்று சொல்லப்படுவது இதைத்தான்; விருந்துக் கூடத்தில் முகவரி அட்டை மாற்றிக்கொள்வதை அன்று.

அதே ஹட்சின்ஸ் மூன்று மாதங்கள் கழித்து லாஸ் வேகாஸ் நகரில் கைது செய்யப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பதின்வயதில் வங்கிக் கணக்குகளைக் களவாடும் தீநிரல் ஒன்றை எழுதியதாக அவர் மீது வழக்கு. 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காவலில் கழித்த நாட்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டு விடுவிக்கப்பட்டார். திறமைக்கும் நற்பெயருக்கும் இடையிலுள்ள தொலைவு பற்றி இளைஞர்களுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எல்லைப் பகுதியின் தேவை

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒரே சந்தைபோல இயங்குகின்றன. வாளையாரைத் தாண்டியதும் கஞ்சிக்கோடு தொழிற்பகுதி. இந்தப் பக்கம் எட்டிமடை, மதுக்கரை. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளால் தேனி மாவட்டத்துடன் பிணைந்தவை. தொழிலாளர்களும் சரக்குகளும் பணமும் நாள்தோறும் எல்லை கடக்கின்றன.

ஏலக்காய் வணிகத்தை எடுத்துக்கொள்வோம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டே இடங்களில் நடைபெறுகிறது: ஒன்று இடுக்கியில் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி, மற்றொன்று தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். 2021 ஜனவரியில் மேகக் கணினி வழியிலான நேரடி ஏலமுறை அறிமுகமானதிலிருந்து, ஓர் ஏலமையத்தில் அமர்ந்திருப்பவர் மற்றோர் ஏலமையத்துச் சரக்குக்கும் விலை கேட்க முடிகிறது. விலை ஏறி இறங்கும் வேகம் இத்துறையினர் அறிந்ததே. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தையும் தொட்டது. அத்தகைய சந்தையில் ஒரு மூட்டையின் மதிப்பே இலட்சங்களில் நிற்கும்.

ஏலத்தில் சரக்கை வாங்கிய வணிகர் வெளியூர் மொத்த வியாபாரிக்கு விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புகிறார். அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் திருடி வைத்திருக்கும் ஒருவன் அக்கடிதங்களைப் பல நாள் அமைதியாகப் படிக்கிறான். பெருந்தொகைக்கான பட்டியல் போகும் நாளில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனிப் புதிய கணக்கில் செலுத்துங்கள்” என்று அதே முகவரியிலிருந்து, அதே நடையில் ஒரு கடிதம் போகிறது. வாங்கியவர் நேர்மையாகப் பணம் அனுப்புகிறார். விற்றவருக்கு வந்து சேரவில்லை. பின்னர் இருவரும் ஒருவரையொருவர் ஐயுறுகிறார்கள். உலகெங்கும் சிறு வணிகர்கள் பெரும்பணத்தை இழப்பது இந்த எளிய முறையில்தான். இங்கே ஆலோசகர் செய்யக்கூடிய முதல் உதவி விலையுயர்ந்த கருவி எதுவுமன்று. மின்னஞ்சலுக்கு இரண்டாவது சரிபார்ப்பு முறையை அமைப்பது. கடிதங்களைத் திருட்டுத்தனமாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதேனும் அமைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது. கணக்கு எண் மாற்றம் பற்றிய எந்தச் செய்தியையும், கடிதத்திலுள்ள எண்ணில் அல்லாமல், முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்ளும் வழக்கத்தை ஊழியர்களிடம் பழக்குவது. பாதி நாள் வேலை.

மூணாறு, தேக்கடி ஆகிய இடங்களின் விருந்தினர் இல்லங்களுக்கு வேறொரு சிக்கல். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அதற்காகக் கடவுச்சீட்டின் நகல் பெறப்படுகிறது. அந்த நகல்கள் பெரும்பாலும் உரிமையாளரின் கைபேசியிலோ, வரவேற்பறைக் கணினியின் முகப்பிலோ ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்தில் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். ஆறு அறைகள் கொண்ட இல்லத்துக்கு அத்தகைய தொகை விதிக்கப்படப் போவதில்லை. ஆயினும் எதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவர் தேவை.

கஞ்சிக்கோட்டு ஆலைகளில் உலைகளையும் இயந்திரங்களையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகள் அலுவலக வலையமைப்போடு இணைக்கப்பட்டு வருகின்றன. அலுவலகக் கணினியைச் சோதிப்பதுபோல அவற்றைச் சோதிக்கப் புகுந்தால் உற்பத்தியே நின்றுவிடக்கூடும். இது தனிப் பயிற்சி வேண்டும் துறை.

படிப்பும் சான்றிதழும்

கல்வி வாய்ப்புகளில் இப்பகுதி பின்தங்கியதன்று. வாளையாருக்கு இப்பால் எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழக வளாகத்தில் கணினிப் பாதுகாப்பில் முதுநிலைப் படிப்பு உள்ளது. அதே பல்கலைக்கழகத்தின் கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரி வளாக மாணவர்களின் ‘பயாஸ்’ அணி, கணினி ஊடுருவல் போட்டிகளில் இந்தியாவின் முன்னணி அணியாக நெடுங்காலம் விளங்கிவருகிறது. பெண்களுக்கெனவே ‘சக்தி’ என்ற அணியும் அங்கு உண்டு. 2015-இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐ.ஐ.டி.யின் நிலையான வளாகம் கஞ்சிக்கோட்டில் அமைந்துள்ளது. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் கணினித் தடயவியலில் பெயர்பெற்றது.

படிப்பை முடித்தவர் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றாமல் நேரே தனித்தொழிலில் இறங்குவதை இக்கட்டுரையாளர் பரிந்துரைக்கமாட்டார். ‘சி.ஐ.எஸ்.எஸ்.பி.’ என்ற புகழ்பெற்ற சான்றிதழுக்கு, எட்டுப் பாடப்பிரிவுகளுள் இரண்டிலேனும் சேர்த்து ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் கட்டாயம். பட்டதாரிகளுக்கு ஓராண்டுச் சலுகை உண்டு. தணிக்கைப் பணிக்கான ‘சீசா’ சான்றிதழை வழங்கும் ‘ஐசாக்கா’ 1969-இல் தொடங்கிய அமைப்பு. அதுவும் அனுபவத்தைக் கேட்கிறது. ‘ஓ.எஸ்.சி.பி.’ தேர்வு வேறு வகை. ஏறத்தாழ ஒரு முழு நாள், சோதனைக்கென அமைக்கப்பட்ட கணினிகளில் ஊடுருவிக் காட்ட வேண்டும். பின்னர் மேலும் ஒரு நாளுக்குள் அதை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். கண்டுபிடித்ததை எழுதத் தெரியாதவர் இதில் தேற முடியாது. இது சரியான ஏற்பாடு என்றே தோன்றுகிறது. வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அறிக்கைக்குத்தான்.

சான்றிதழ் பெற்றதோடு முடிவதில்லை. மேற்சொன்னவற்றுள் முதலிரண்டுக்கும் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரத் தொடர்கல்வியைக் கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டுச் சந்தாவும் உண்டு. நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு இச்செலவை நிறுவனம் ஏற்கும். தனித்தொழில் புரிபவர் கட்டணத்தையும், அந்நாட்களில் வராமற்போகும் வருமானத்தையும் தாமே தாங்க வேண்டும். எனவே முதலாண்டின் நிதித் திட்டத்திலேயே கல்விச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்குவதும், அதற்குத் தனித் தொடர்வைப்புக் கணக்கு வைத்துக்கொள்வதும் நல்லது. சுவரில் நான்கு சான்றிதழ்களை மாட்டுவதைவிட, ஒன்றைப் பெற்று உயிர்ப்புடன் வைத்திருப்பது சிக்கனம்.

யாரோடு பழகுவது

எல்லை ஊரில் வாழும் ஆலோசகரின் பெருங்குறை தனிமை. குமுளியிலிருந்து கொச்சிக்குச் செல்ல மலைப்பாதையில் நான்கைந்து மணி நேரம் ஆகும். கூட்டங்களோ பெருநகரங்களில்தான். கொச்சியில் கேரளக் காவல்துறையின் பங்கேற்போடு நடைபெறும் ‘கோகான்’ மாநாடு 2024-இல் 17-ஆவது பதிப்பைக் கண்டது. கோவாவில் ‘நல்கான்’ மாநாடு 2010 முதல் நடக்கிறது. அதன் பின்னணியிலுள்ள ‘நல்’ என்ற திறந்த சமூகம் பல நகரங்களில் கட்டணமில்லாக் கூட்டங்களை நடத்துகிறது. யாரும் வரலாம், யாரும் பேசலாம். ஐசாக்காவின் கிளைகள் கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் உள்ளன. பாலக்காட்டில் இருப்பவருக்குக் கோயம்புத்தூர் ஒரு மணி நேரத் தொலைவே. மாநில எல்லை என்ற எண்ணத்தை விடுத்து, அருகிலுள்ள கிளையில் சேர்வதே அறிவுடைமை.

கூட்டத்துக்குப் போய் அமர்ந்து திரும்புவதால் மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நினைவில் நிற்பவர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் எழுந்து தாம் கண்ட ஒன்றைச் சொல்பவர். ஏலமையத்து வணிகர்களின் மின்னஞ்சல் மோசடிகள், தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள், மலையூர்களில் இணைப்பு அறுந்து அறுந்து வருவதால் திருத்தங்கள் நிறுவப்படாமற்போவது: இவை பெங்களூரில் அமர்ந்திருப்பவர் பார்த்திராத பொருள்கள். வாடிக்கையாளரின் அடையாளத்தை முற்றிலும் மறைத்து, அவருடைய ஒப்புதலோடு பேசினால், எல்லை ஊரில் இருப்பதே ஒருவரின் தனிச்சிறப்பாகிவிடும்.

மறைத்துப் பேசுவதற்கும் இத்துறையில் ஒழுங்குமுறை உண்டு. எச்சரிக்கைக் குழுக்களின் உலகளாவிய அமைப்பான ‘ஃபர்ஸ்ட்’ வகுத்துள்ள போக்குவரத்து விளக்கு முறை அது. சிவப்பு என்று குறிக்கப்பட்ட செய்தி கேட்டவரோடு நிற்க வேண்டும். மஞ்சள் என்றால் தேவையுள்ள அளவுக்குத் தம் நிறுவனத்துக்குள்ளும் வாடிக்கையாளரிடமும் சொல்லலாம். பச்சை என்றால் துறைசார்ந்த சமூகத்துக்குள் சொல்லலாம், பொதுவெளியில் கூடாது. ‘தெளிவு’ என்றால் யாரிடமும் சொல்லலாம். 2022-இல் இதன் புதிய பதிப்பு வெளிவந்தது. ஒருமுறை சிவப்புச் செய்தியை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவருக்கு மறுமுறை எவரும் எதையும் சொல்லமாட்டார்கள். சிறிய உலகம் அது.

கேரளக் காவல்துறை 2016-இல் திருவனந்தபுரம் தொழில்நுட்பப் பூங்காவில் தொடங்கிய ‘சைபர்டோம்’ தன்னார்வ வல்லுநர்களைச் சேர்த்துக்கொண்டு இயங்குகிறது. அங்குச் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் எதிர்பார்க்கலாகாது. ஆனால் மோசடிகள் எவ்வாறு மாறிவருகின்றன என்பதை முதலில் அறியும் இடங்களில் அது ஒன்று.

எல்லைப் பகுதி ஆலோசகரின் மற்றொரு சொத்து மொழி. தேனி வணிகரிடம் தமிழிலும், இடுக்கி ஊராட்சியிடம் மலையாளத்திலும் விளக்கிவிட்டு, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர்கள் இங்கே இயல்பாகவே உண்டு. பெருநகர நிறுவனங்கள் இத்தகையோரைக் களப்பணிக்குத் தேடுகின்றன. அறிக்கையின் முதல் பக்கத்தை உரிமையாளர் படிக்கும் மொழியிலேயே எழுதித் தருபவர் இன்னும் ஒரு படி மேல். பிழைகளின் பட்டியல் எந்த மொழியில் இருந்தாலும், “நாளை காலை முதலில் என்ன செய்ய வேண்டும்” என்பது தாய்மொழியில் இருக்கட்டும்.

அனுமதி என்னும் முதற்பாடம்

ஆர்வமிக்க இளைஞர்கள் சிலர் வேலை தேடும் முறையொன்று உண்டு. ஒரு கடையின் அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் இணையதளத்தைக் கேளாமலே சோதித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, “சரிசெய்து தருகிறேன், இவ்வளவு கட்டணம்” என்று எழுதுவது. எழுதியவர் உதவி என்று நினைப்பார். பெற்றவருக்கு அது மிரட்டலாகத் தெரியும். சட்டமும் பெற்றவர் பக்கமே நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதே இழப்பீட்டுக்கு இடமளிக்கும் செயல். வஞ்சக நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பாதுகாக்கப்பட்டவை என அரசு அறிவித்த அமைப்புகளில் அத்துமீறினால் 70-ஆம் பிரிவு பத்து ஆண்டு வரை சிறைக்கு வழிசெய்கிறது. மின்சாரம் நாட்டின் இன்றியமையாத் துறைகளுள் ஒன்று. இடுக்கி அணையின் நீரில் இயங்கும் மூலமற்றம் நிலையம் ஒன்றே 780 மெகாவாட் திறனுடையது. விளையாட்டாகத் தொட்டுப் பார்ப்பதற்குரிய இடங்கள் அல்ல அவை.

தற்செயலாக ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் அதைச் சொல்வதற்கு முறையான வாயில்கள் உண்டு. 2004 முதல் இயங்கும் ‘செர்ட்-இன்’ என்னும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு அத்தகைய செய்திகளைப் பெற்று உரியவரிடம் சேர்க்கிறது. இன்றியமையாத் துறைகளுக்குத் தேசிய மையம் ஒன்று தனியே உள்ளது. அவ்வழியில் சொல்லி, திருத்தம் வெளியான பின் கிடைக்கும் நன்றிக் குறிப்பு, தொழிலில் சான்றிதழுக்கு நிகராக மதிக்கப்படுகிறது.

அழைக்கப்பட்டுச் செய்யும் வேலைக்கும் எழுத்து வேண்டும். எந்தக் கணினிகள், எந்த நாட்கள், எந்த நேரம், எதைத் தொடக்கூடாது, இடையில் ஏதேனும் நின்றுபோனால் யாரை அழைப்பது, பணி முடிந்தபின் பெற்ற தகவல்களை எத்தனை நாளில் அழிப்பது ஆகியவற்றை இரு பக்கத்துக்குள் எழுதிக் கையொப்பமிட முடியும். தெரிந்தவர்தானே என்று வாய்மொழியில் தொடங்கிய வேலைகளே பின்னர் வழக்காகின்றன. இணையதளம் வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தால், கடைக்காரரின் கையொப்பம் மட்டும் போதாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, குறிப்பிட்ட வகைக் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் காத்து வைக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்த ஆணை இருப்பதே தெரியாது. அதைச் சொல்லி, அதற்கான படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்க உதவுவது ஆலோசகருக்கு ஒரு நல்ல முதற்பணி. அரசும் ஒழுங்குமுறை அமைப்புகளும் கேட்கும் முறையான தணிக்கைச் சான்றை மட்டும் தனிநபர் தர இயலாது. செர்ட்-இன் பட்டியலில் இடம்பெறுபவை நிறுவனங்களே. தணிக்கைக்கு முன் வீட்டைச் செப்பனிட்டுத் தருவதும், தணிக்கையில் காட்டப்பட்ட குறைகளைத் தீர்த்துத் தருவதும் தனி ஆலோசகரின் இடம். இதை மறைத்து, தம் கையொப்பமே போதும் என்று சொல்பவரைத் தவிர்ப்பது நலம்.

வரவும் வரியும்

பாலக்காட்டில் இருந்துகொண்டு கோயம்புத்தூர் ஆலைக்குச் சேவை வழங்கினால் அது மாநிலங்களுக்கிடையிலான வழங்கல். அதனால் முதல் ரூபாயிலிருந்தே சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயம் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. பொருள்களுக்குப் பொருந்தும் அவ்விதி, சேவைகளுக்கு 2017 அக்டோபரிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. வருமான வரியில், தொழில்நுட்ப ஆலோசகர்கள் வரவில் பாதியை இலாபமாகக் காட்டிக் கணக்கை எளிதாக்கிக்கொள்ளும் முறை உண்டு. வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும். ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்கு மிகாவிட்டால் 75 லட்சம் வரை. தங்கள் நிலைமைக்கு இது ஏற்றதா என்பதைக் கணக்காயரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது உத்யம் பதிவு. கட்டணமின்றிக் கிடைக்கும் இப்பதிவைப் பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, வேலையை ஏற்றுக்கொண்டவர் ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. அவ்வாறு தராத தொகையை, கொடுக்க வேண்டியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது என்ற விதி வந்தபின், தனியாகத் தொழில் செய்பவரின் குரலுக்குச் சற்றே வலு கூடியுள்ளது. இணைய வாயிலில் முறையிடவும் வழியுண்டு. ஆனால் ஒரு வாடிக்கையாளர் மீது முறையிட்டால் அந்த வட்டாரத்தில் செய்தி பரவும் என்ற தயக்கம் எல்லோருக்கும் இருக்கும். கட்டணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெறுவதும், எஞ்சியதை அறிக்கை ஒப்படைக்கும் நாளில் பெறுவதும் அத்தயக்கத்துக்கே இடமில்லாமல் செய்துவிடும். கருவிகளுக்கும் பயிற்சிக்கும் முதலீடு தேவைப்படுவோர் முத்ரா திட்டத்தைப் பற்றித் தங்கள் கிளையில் கேட்கலாம். தருண் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை கடன் பெற்று ஒழுங்காகத் திருப்பியவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரை வாய்ப்பு உள்ளது.

தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு எடுப்போர் இங்கு மிகக் குறைவு. சோதனையின்போது ஓர் ஆலையின் சேவையகம் நின்று ஒரு நாள் உற்பத்தி கெட்டால், அந்த இழப்பைத் தனிநபர் ஒருவரின் சேமிப்பு தாங்காது.

ஆலோசகரை அமர்த்துவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 2024 ஜூலை இறுதியில் தொழில்நுட்பச் சேவை வழங்கும் ஒரே நிறுவனம் தாக்கப்பட்டதால், அதை நம்பியிருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. வழங்குபவர் ஒருவர் வீழ்ந்தால் பெறுவோர் அனைவரும் வீழ்வர். பத்து நிறுவனங்களுக்குப் பணிபுரியும் ஆலோசகரின் மடிக்கணினியில் பத்து நிறுவனங்களின் பலவீனங்களும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். எனவே அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அவருடைய சான்றிதழ் பற்றியதன்று. “எங்கள் அறிக்கையை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்?” என்று கேளுங்கள். உடனே விடை சொல்பவர் அதைப் பற்றி முன்பே சிந்தித்தவர். நிருவாகக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பணி முடிந்தபின்னும் வைத்துக்கொள்பவர் எவ்வளவு வல்லவராயினும் ஏற்கத்தக்கவரல்லர்.

இன்னொரு கேள்வி, ஆலோசகர்கள் தாமே விரும்பாதது: அவர் நோயுற்றால் என்ன ஆகும்? மருத்துவர்கள் விடுப்பில் செல்லும்போது சக மருத்துவரை ஒப்படைத்துச் செல்வதுபோல, ஒரே வட்டாரத்து ஆலோசகர்கள் இருவர் ஒருவருக்கொருவர் மாற்றாக நிற்கலாம். பாலக்காட்டில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர். அல்லது நெடுங்கண்டத்தில் ஒருவர், போடியில் ஒருவர். வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன், ஒப்பந்தத்திலேயே மாற்று ஆலோசகரின் பெயரைச் சேர்த்துவிடலாம். போட்டியாளரிடம் வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுப்பதாகச் சிலர் இதை நினைப்பர். நடைமுறையில், தம் கைக்கு மீறிய வேலையை அனுப்பிவைக்கவும், எழுதிய அறிக்கையை மற்றொரு கண் படித்துப் பார்க்கவும் இதே ஏற்பாடு பயன்படும்.

நிறுவனத்தின் முக்கியக் கணக்குகள் எவை, மீட்புக் குறியீடுகள் எங்கே உள்ளன, பணமோசடி நடந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு வங்கியில் யாரிடம் தெரிவிப்பது ஆகியவற்றைத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் இட்டு, வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் உரிமையாளரே வைத்திருக்கட்டும். அந்தத் தாளில் ஆலோசகர், மாற்று ஆலோசகர் இருவரின் தொலைபேசி எண்களும், கடவுச்சொற்களை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கிக் கணக்கு, பின்னர் ஏனையவை.